மிகை

குன்னூரில் கோப்புகளுக்கும் சளி பிடிக்கும்.
ஜூலையில் குண்டூசி துருவேறி
லாப நட்டக் கணக்கில் பழுப்பாய் ஒரு புள்ளி வைக்கும்.
அதைத் தசமப் புள்ளியென்று நினைத்து
ஒருவரின் வருமானத்தைப் பத்தில் ஒன்றாக்கியிருக்கிறேன்,
நல்லவேளை, பென்சிலில்.

முகம் பார்க்காமல் வரி போடும் காலம் வந்திருக்கவில்லை.
ஆகவே ஆடிட்டர் ஜெபசிங் நேரில் வந்தார்,
கோயம்புத்தூர் வெயிலுக்குத் தைத்த
அரைக்கைச் சட்டையில் நடுங்கியபடி.
ஒசட்டிமலை டீ பிரைவேட் லிமிடெட்.
பச்சை இலை வாங்கி அரைக்கும் ஆலை.
இலைக்குக் கிலோ ஒன்பது ரூபாய் கொடுத்த வருடம்.
லாபம் ஆறு லட்சத்துச் சொச்சம்.
இயக்குநர் தர்மன், மூத்த மகன்,
சம்பளம் முப்பது லட்சம்.

"அதிகமில்லையா?"
"ஏற்றுமதியைக் கவனிக்கிறார் மேடம், துபாயிலிருந்து."
"ஏற்றுமதி எவ்வளவு?"
ஜெபசிங் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
மலையில் அதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கிறது.

சட்டத்தின் கேள்வி சின்னதுதான்:
உறவில்லாத ஒருவனுக்கு
இதே வேலைக்கு, இதே நாற்காலியில்
இவ்வளவு கொடுப்பாயா?
அந்த அந்நியனைத் தேடித்தான் ஜீப்பில் போனேன்.
கோத்தகிரி சாலை வளைவில் காட்டெருமை ஒன்று
இருபது நிமிடம் எங்களை விசாரித்துவிட்டு விட்டது.
பக்கத்து ஆலைகளில் கேட்டேன்.
மேனேஜருக்கு முப்பத்தைந்தாயிரம்,
குவார்ட்டர்ஸ், குளிருக்கு விறகு.

ஒசட்டிமலையில் மாடியில் இலை வாடிக்கொண்டிருந்தது.
தொட்டிகளுக்கு நடுவே ஓர் அம்மாள்,
ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர்.
ஒரு பிடி இலையை இறுக்கி, கையை விரித்து,
உருண்டை மெல்ல அவிழ்வதைப் பார்த்தாள்.
"இன்னும் ரெண்டு மணி நேரம்" என்றாள் யாரிடமோ.
டிரையர்காரன் அவளிடம்தான் சூடு கேட்டான்.
இலை ஏஜென்டுகள் அவளிடம்தான் சண்டைக்கு நின்றார்கள்.
ஏலத்துக்கு மாதிரிப் பொட்டலம் கட்டுவதும் அவள்.
மாதியம்மாள். தர்மனின் தாய்.
கோப்பில் தேடினேன், இருந்தாள்.
பக்கம் நாற்பத்தொன்று. இயக்குநர். மாதம் எட்டாயிரம்.

"எட்டாயிரம்தானா?"
எதிலோ மாட்டிவிடப் பார்க்கிறேன் என்று பயந்துவிட்டாள்.
"அதுவே வேணாம்னேன். ஆடிட்டர்தான் எழுதிட்டார்."
டீ வந்தது. குடிக்கக் கூடாது.
பையில் என் பிளாஸ்க் இருந்தது, காலையில் போட்ட காப்பி.
அவள் டீயின் ஆவி மட்டும் கேட்காமல் மூக்கில் ஏறியது.

இரவு உத்தரவைத் தட்டினேன்.
தர்மனுக்கு மாதம் முப்பதாயிரம் நியாயம்.
எப்படி முப்பது? எழுதியபோது எனக்கே தெரியாது,
இருபத்தெட்டு என்றால் கணக்குப் போட்டது போலத் தெரியும்,
அதனால் முப்பது.
மீதி இருபத்தாறு லட்சத்து நாற்பதாயிரம்
மிகை, வருமானத்தோடு சேர்க்கப்படுகிறது.
அடுத்து மாதியம்மாள்.
அதே அந்நியனை அவள் இடத்தில் நிறுத்தினேன்.
எட்டாயிரத்துக்கு, இரவு இரண்டு மணிக்கு
இலையை முகர எழுந்திருப்பானா?
பிரிவைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.
மிகையா என்று கேட்கிறது.
குறையா என்று கேட்க அதற்கு வாயில்லை.
"ஏற்கப்பட்டது" என்று அடித்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.

அடுத்த வருடக் கணக்கு வந்தது, அதே ஜெபசிங், இம்முறை கம்பளிக் கோட்டோடு.
தர்மன், ஆறு லட்சம்.
மாதியம்மாள், இருபத்துநான்கு லட்சம்.

அவளுடைய எந்தக் கணக்கில் விழுந்து
அங்கிருந்து எந்த ஊருக்குப் பணம் போகும் என்று
எனக்குத் தெரியும். ஜெபசிங்குக்கும் தெரியும்.
"இது நியாயம்தானே, மேடம்" என்றார்.
"நீங்களே நேரில் பார்த்தீங்க."

ஜன்னலில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.
சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.